சனிக்கிழமை அடுப்பு

"லீலா மாமி, மாட்டேன்னு மட்டும் சொல்லப்படாது. முதல்லயே சொல்லிட்டேன்."

எதிர்வீட்டு ஷியாமளா உள்ளே வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் வீட்டு அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

"என்னன்னு சொல்லுங்க."

"புரட்டாசி மூணாம் சனிக்கிழமை எங்காத்துல மாவிளக்கு போடறோம். ஃபர்வானியால இருக்கற நம்மவா எல்லாரும் வரா. நீங்கதான் விளக்கு ஏத்தணும்."

"நானா? ஜெயலட்சுமி மாமி இருக்காங்களே. பெரியவங்க."

"அவா சனிக்கிழமை ரெண்டு வேளை டிபன் சாப்பிடறவா. நீங்க அடுப்பையே மூட்டறதில்லே. நான் பார்த்துண்டுதானே இருக்கேன்? இந்த ஊர்ல அப்படி ஒரு வைராக்கியம் யாருக்கு இருக்கு?"

"சாயந்திரம் இருட்டினப்புறம் வெச்சுக்கலாமா?"

"இருட்டினப்புறமா? உச்சிக்குள்ள ஏத்த வேண்டாமா மாமி? மத்தியான பிரேக்ல எல்லாரும் வந்துடுவா. ஜன்னலைச் சாத்தி, கர்ட்டனை இழுத்துவிட்டு, மெதுவா கோவிந்தா போட்டுண்டு முடிச்சுடலாம். போன வருஷம் கீழ்வீட்டு எகிப்துக்காரன் என்ன சத்தம்னு கேட்டுட்டான்."

"என்ன சொன்னீங்க?"

"பர்த்டேன்னேன். ஹேப்பி பர்த்டேன்னுட்டுப் போனான்."

ஷியாமளா சிரித்தாள். லீலாவும் சிரித்தாள். எதிர்க்கதவு சாத்திய பிறகும் லீலா ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். பிறகு கொடியில் போட்டாள். எடுத்தாள். மறுபடி உதறிப் போட்டாள்.

லீலா தல்கர் பிறந்தது திருச்சி பொன்மலை ரயில்வே காலனியில். அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மன். கல்யாணமாகிப் போனது பம்பாய் பக்கத்துத் தாணே. கணவர் வேலை பார்த்த மில் மூடியதும் டெலக்ஸ் ஆபரேட்டராகக் குவைத்துக்கு, ஃபர்வானியாவுக்கு வந்தாள். கொங்கணக் கரையில் எத்தனையோ தலைமுறையாக மராத்தி பேசி வாழ்ந்த யூதக் குடும்பம் அவளுடையது. இதைச் சொன்னபோது பம்பாய் ஏஜென்ட் பேனாவை மூடி வைத்துவிட்டார். "அம்மா, அங்கே போய் இதைச் சொன்னால் அடுத்த விமானத்தில் திருப்பி ஏற்றுவான். பெயர் லீலா. கழுத்தில் கருகமணி. இந்து என்றே இருக்கட்டும்." இருந்துவிட்டது.

ஜெபப் புத்தகத்தை அவள் கொண்டுவரவில்லை. கஸ்டம்ஸில் பெட்டியைப் பிரித்துப் பார்ப்பார்கள். கொண்டுவர முடிந்தது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததிலிருந்து மறுநாள் இருட்டும்வரை தீ மூட்டாமல் இருப்பது. அதற்கு எந்தச் சாமானும் வேண்டாம்.

மாம்பலத்துப் பெண்ணான ஷியாமளா அதைப் பார்த்தாள். சனிக்கிழமை அடுப்பு மூட்டாத ஒருத்தியைப் பார்த்தால் அவளுக்குப் பெருமாளைத் தவிர வேறு யார் ஞாபகம் வரும்? நல்ல காரியம் நடந்தால் லீலா அவலில் தேங்காயும் சர்க்கரையும் கலந்து கும்பிட்டுச் சாப்பிடுவாள். அது கிருஷ்ணனுக்கு ஆயிற்று. மீன் வாசனை வந்தது; கொங்கணத்துப் பிராமணாள் மீன் சாப்பிடுவாளாம் என்று அதையும் மன்னித்தாயிற்று. ஷியாமளாவின் கணவர் சேதுமாதவன், லீலா வேலை பார்க்கும் கட்டடச் சாமான் கம்பெனியிலேயே அக்கவுண்ட்ஸ் மேனேஜர். "அந்த அம்மாளுக்குச் சனிக்கிழமை விரதம், எங்கள் மதத்தில் அப்படி" என்று அவர்தான் ஜெனரல் மேனேஜரிடம் சிபாரிசு செய்து, சனிக்கிழமைக்குப் பதில் வெள்ளிக்கிழமை டூட்டி வாங்கிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை குவைத் மூடியிருக்கும். லண்டனும் ஹாம்பர்க்கும் திறந்திருக்கும். கம்பெனிக்கும் சௌகரியம்.

லீலா ஒரு தடவைகூட "ஆமாம், பெருமாளுக்குத்தான்" என்று சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை.

அது எண்பத்திரண்டாம் வருஷத்துப் புரட்டாசி. பெய்ரூட்டில் பாலஸ்தீன அகதி முகாம்களுக்குள் புகுந்து பெண்களையும் பிள்ளைகளையும் கொன்று போட்டிருந்தார்கள். ஃபர்வானியா டீக்கடைகளில் ரேடியோ வாய் மூடவில்லை.

*

"மிஸஸ் லீலா, நிக்கோசியா ஏதாவது?"

வெள்ளிக்கிழமை ஆபீஸில் அவர்கள் இரண்டு பேர்தான். ஜெனரல் மேனேஜர் அபூ நபீல் ஹைஃபாவில் பிறந்த பாலஸ்தீனர். அவருடைய தங்கை சமீரா பெய்ரூட் முகாம் ஒன்றில் இருந்தாள். பெய்ரூட்டுக்கு நேர் லைன் இல்லை. சைப்ரஸின் நிக்கோசியாவில் இருக்கும் ஒரு ஏஜென்ட் மூலம் விசாரித்துக்கொண்டிருந்தார். அவர்கள் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வார்கள்.

"லைன் கிடைச்சது சார். நம்ம செய்தியை வாங்கிக்கிட்டாங்க. பதில் வரல."

"மறுபடி அடியுங்கள்."

"அரை மணி முன்னாலதான் அடிச்சேன்."

"மறுபடி அடியுங்கள். சமீரா. கணவர் பெயர், இரண்டு பிள்ளைகள் பெயர், எல்லாம் போடுங்கள்."

லீலா டெலக்ஸ் டேப்பை அடிக்கத் தொடங்கினாள். அவர் ஜன்னலுக்குப் போனார், திரும்பி வந்தார், நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சுட்டவன் லெபனான்காரன் என்கிறார்கள். சரி. வெளியே வளைத்துக்கொண்டு நின்றவன் யார்? யஹூத், யூதன். நேற்று என் டிரைவர் சொல்கிறான், ஒரு யஹூதி கையில் கிடைத்தால் கழுத்தைத் திருகுவேன் என்று. நீ ஒருத்தனையாவது பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன். இல்லையாம். நான் பார்த்திருக்கிறேன். ஆறு வயதில். எங்கள் வாசலில், துப்பாக்கியோடு."

லீலா பெயரைத் தப்பாக அடித்துவிட்டாள். டேப்பைக் கிழித்துவிட்டு மறுபடி தொடங்கினாள்.

"மன்னிக்க வேண்டும். உங்களிடம் போய்ச் சொல்கிறேன். வீட்டில் பேசினால் மனைவி அழுகிறாள். நண்பர்களிடம் பேசினால் கத்துகிறார்கள். நீங்கள் இந்து. உங்களுக்கு இதில் பக்கம் கிடையாது. அதனால்தான் உங்களிடம் பேச முடிகிறது."

"பரவாயில்ல சார்."

"குடும்பத்தில் எல்லோரும் சுகமா?"

"சுகம் சார்."

லீலாவின் அக்கா ராஹேல் கல்யாணமான கையோடு இஸ்ரேலுக்குப் போய்விட்டவள். அக்கா மகன் பென்னி பட்டாளத்தில் இருந்தான். லெபனானில் இருக்கிறானா, இல்லையா? உயிரோடு இருக்கிறானா? இருந்தால், அந்த முகாம் வாசலில் நின்றானா? குவைத்திலிருந்து அந்த நாட்டுக்கு ஃபோன் இல்லை, தபால் இல்லை. தாணேயிலிருந்து கணவர் எழுதினால்தான் உண்டு. அதையும் அவர் "அக்கா வீட்டில் எல்லோரும் நலம்" என்பதற்கு மேல் எழுத மாட்டார்.

பொழுது சாய்வதற்குள் கவரைப் போட்டு மெஷினை மூடினாள்.

"நாளை உங்கள் விரதம்" என்றார் அபூ நபீல். "என் தங்கைக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள்."

"வேண்டிக்கிறேன் சார்" என்றாள். அது மட்டும் பொய்யில்லை.

*

திங்கட்கிழமை லீவு சொல்லியிருந்தாள். கொங்கணத்து யூதர்கள் கதவடைப்புப் பண்டிகை என்று சொல்லும் நாள். வெள்ளைப் புடவை கட்டி, அன்னம் தண்ணீர் இல்லாமல், கதவைச் சாத்திக்கொண்டு செய்ததற்கெல்லாம் மன்னிப்புக் கேட்க வேண்டும். லீலாவால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கட்டிலிலிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து கட்டில்.

அவளோடு ஃபிளாட்டைப் பகிர்ந்துகொண்டிருந்த கமலேஸ்வரி யாழ்ப்பாணத்துக்காரி. பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பில் வேலை. அன்று மத்தியான டூட்டி.

"லீலாக்கா, தண்ணியாவது குடியுங்கோவன்."

"வேணாம் கமலா. விரதம்."

"திங்கட்கிழமையிலயும் பெருமாளோ?"

"இது வேற."

"ஓம், வேறதான்." கமலேஸ்வரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "நேற்று கிளினிக்கில பிபிசி கேட்டவை. டெல் அவிவ்ல சனம் லட்சக்கணக்கில தெருவில இறங்கி நிக்குதாம், தங்கட அரசாங்கத்தை எதிர்த்து. உங்கட ஆக்கள்தானே அக்கா. உங்களிட்டச் சொல்லுவம் எண்டு இருந்தனான்."

லீலா நின்ற இடத்திலேயே நின்றாள்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"வந்த புதுசிலயே. இறால் பொரிச்சா எழும்பிப் போயிடுவியள். யாழ்ப்பாணத்தாளுக்கு இறாலை வேண்டாம் எண்டுற ஆளில சந்தேகம் வராதோ? பேந்து, நான் படிச்சது மிஷன் பள்ளிக்கூடம். பைபிளில என்ன தின்னலாம், என்ன தின்னக்கூடாது எண்டு பாடமாக்கி அடி வாங்கினனான்."

"ஏன் கேக்கல?"

"கேட்டு? நீங்கள் பொய் சொல்லவேண்டி வரும். எழுபத்தேழில கொழும்பில கலவரம் நடக்கேக்க நான் பஸ்ஸில பொட்டை அழிச்சுப்போட்டு இருந்தனான். பக்கத்தில இருந்த சிங்களப் பொம்பிளை என்ர நெத்தியையே பாத்தவ. அழிச்ச தடம் தெரிஞ்சிருக்கும். ஒண்டும் கேக்கேல்லை. தன்ர பிள்ளையைத் தூக்கி என்ர மடியில வைச்சவ. அவ்வளவுதான்."

"பயமா இருந்துச்சா?"

"பஸ்ஸில இல்லை. வீட்ட வந்து திருப்பிப் பொட்டு வைக்கேக்க கை நடுங்கினது பாருங்கோ, அப்பதான்."

பெல் அடித்தது. கமலேஸ்வரி போய்க் கதவைப் பாதி திறந்தாள்.

"மாமி இருக்காளா? என் தம்பி ஸ்ரீனிவாசன் பம்பாய்லேர்ந்து வந்திருக்கான். பார்த்துட்டுப் போகலாம்னு" என்றது ஷியாமளாவின் குரல்.

லீலா வெளியே வந்தாள். வராமல் இருந்தால் உடம்பு சரியில்லையா என்று உள்ளே வந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள் ஷியாமளா.

"நமஸ்காரம் மாமி. அக்கா எப்பப் பார்த்தாலும் உங்க புராணம்தான்" என்றான் ஸ்ரீனிவாசன். வாய் நிறையச் சிரிப்பு. "தாணேயாமே? நானும் அங்கதான் ஆறு வருஷம். தாணேல எங்கே?"

"ஸ்டேஷன் பக்கம்."

"காபி வேணாம், உட்காரல்லாம் மாட்டோம்" என்றாள் ஷியாமளா, யாரும் கேட்காமலே. "முகமெல்லாம் வாடியிருக்கே. இன்னிக்கும் விரதமா?"

"தண்ணிகூடக் குடிக்கேல்லை" என்று சொல்லிவிட்டுக் கமலேஸ்வரி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஸ்ரீனிவாசன் வெள்ளைப் புடவையைப் பார்த்தான். அவன் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வேறு மாதிரி ஆயிற்று, புதிரின் விடை நாக்கு நுனிக்கு வந்தவனைப் போல. "வரோம் மாமி" என்றான். கதவு சாத்தி முடிப்பதற்குள் வராந்தாவில் அவன் குரல் கேட்டது.

"அக்கா! உன் மாமி யாருன்னு தெரியுமா? தல்கர்னு பேரு, சனிக்கிழமை அடுப்பு கிடையாது, இன்னிக்குப் பச்சைத் தண்ணி கிடையாது. எங்க ஆபீஸ் ஹெட்கிளார்க் ஸாலமன் வருஷா வருஷம் இதே மாதிரி லீவு போடுவான். ஷன்வார் தேலி அக்கா!"

"அப்படின்னா?"

"சனிக்கிழமை செக்கு ஓட்டாத எண்ணெய்க்காரா. கொங்கணத்து யூதா! பெருமாளாம், விரதமாம்!"

"உளறாதேடா. மெதுவாப் பேசு."

"நான் ஏன் உளறேன்? நீயே போய்க் கேளேன்."

யாரும் வந்து கேட்கவில்லை. எதிர்க்கதவு சாத்தியது. தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து மேல் தாழ்ப்பாளும்.

"என்ர வாயால வந்த வினை" என்றாள் கமலேஸ்வரி.

"இல்ல கமலா. எப்பவாவது வர்றதுதான்."

*

புதன்கிழமை சாயங்காலம் சேதுமாதவன் வந்தார். செருப்பைக் கழற்றாமல் நின்றார், பிறகு கழற்றினார், உட்கார்ந்தார்.

"நீங்க தப்பா எடுத்துக்கப்படாது, மிஸஸ் தல்கர்."

மாமி என்ற அழைப்பு போய்விட்டது என்பதை லீலா கவனித்தாள்.

"சொல்லுங்க."

"நான் யாரையும் மட்டமா நினைக்கறவன் இல்லே. இன்னும் சொல்லப்போனா யூதாள்னா எனக்கு மதிப்பு. மூளைக்காரா. உலகத்துல பாதி பேங்க் அவா கைல. மெட்ராஸ்ல இஸ்ரேலை மெச்சாத ஆபீஸ் கேன்டீன் உண்டா?"

"எங்க அப்பா ரயில் எஞ்சினுக்கு போல்ட் முடுக்கினவரு சார். பேங்கைப் பத்தி எனக்குத் தெரியாது."

"நல்ல விதமாத்தான் சொன்னேன்."

"தெரியும்."

"ஆனா அது மெட்ராஸ். இங்கே விசா குடுத்த முதலாளி, கஃபீல் இருக்கான். அபூ நபீல் இருக்கார். அவர் தங்கை என்ன ஆனான்னு தெரியாம அலையறார். இந்து, ஆசாரமானவான்னு உங்களுக்கு ஜாமீன் சொன்னவன் நான். நாளைக்கு விஷயம் போச்சுன்னா உங்களை மட்டுமா ஃபிளைட்ல ஏத்துவா? எனக்கு ரெண்டு குழந்தை படிக்கறது."

"நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் பெரிசா இல்லே." குரலைத் தணித்தார். "ஸ்ரீனி வாயை வெச்சுண்டு சும்மா இல்லே. ஜெயலட்சுமி மாமியாத்துல ஏதோ உளறியிருக்கான். சனிக்கிழமை நீங்க வந்து எல்லார் முன்னாடியும் மாவிளக்கை ஏத்திடுங்கோ. கோவிந்தான்னு ஒரு வார்த்தை. முடிஞ்சுது, கலாஸ். அப்புறம் எவனாவது பேசினா, போடா பைத்தியக்காரான்னு நானே சொல்லுவேன்."

"நான் என்னன்னு உங்களுக்குத் தெரிஞ்சும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரியவும் வேண்டாம். ஒரு தீக்குச்சி கிழிக்கறதுல உங்க சாமி கோச்சுக்குமா?"

"உங்க சாமி கோச்சுக்காதா?"

சேதுமாதவன் செருப்பைத் தேடினார். வாசலில் நின்று திரும்பினார்.

"ஷியாமளா ரெண்டு நாளா அழறா. உங்க நெத்தியில குங்குமம் வெச்சுவிட்டிருக்கா. வாங்கிண்டேளேன்னு கேக்கறா."

"அன்பா வெச்சாங்க. வாங்கிக்கிட்டேன்."

"அதையேதான் நானும் கேக்கறேன். அன்பா ஏத்துங்கோ."

அவர் போனதும் கமலேஸ்வரி உள்ளறையிலிருந்து வந்தாள். "ஏத்துங்கோ அக்கா. பொட்டை அழிச்ச மாதிரி எண்டு நினையுங்கோ. உயிர் தப்பினாத்தான் பேந்து வைக்கலாம்."

"நான் மூணு வருஷமா அழிச்சுத்தான் வெச்சிருக்கேன் கமலா. இது ஒண்ணுதான் மிச்சம்."

"திருப்பி அனுப்பினா என்ன செய்வியள்? அங்கயும் வேலை இல்லை."

"தெரியல."

"தெரியாமலோ மாட்டன் எண்டுறியள்?"

"மாட்டேன்னு இன்னும் சொல்லல. விளக்குக்குப் போவேன்னுதான் நினைக்கிறேன்."

வியாழக்கிழமை முழுக்கத் தீப்பெட்டி கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. அலமாரிக்குள் எடுத்து வைத்தாள்.

*

சனிக்கிழமை மத்தியானம் ஷியாமளா வீட்டு ஹாலில் ஜன்னல்கள் சாத்தி, கர்ட்டன் இழுத்துவிட்டிருந்தது. ஏசி சத்தத்துக்கு மேல் போகாத குரலில் பத்துப் பதினைந்து பேர் கோவிந்தா சொல்லிக்கொண்டிருந்தார்கள். தலைவாழை இலைக்குப் பதில் எவர்சில்வர் தாம்பாளம். நடுவில் மாவைக் குழித்து, நெய் விட்டு, திரி போட்டிருந்தது.

லீலா உள்ளே வந்ததும் கோவிந்தா கொஞ்சம் தடுமாறிற்று. ஸ்ரீனிவாசன் சுவரைப் பார்த்தான். ஷியாமளா லீலாவின் முகத்தைப் பார்க்காமல் தீப்பெட்டியை நீட்டினாள்.

"ஏத்துங்கோ மாமி" என்றாள். மாமி திரும்பி வந்திருந்தது, கெஞ்சுகிற மாமி.

லீலா தீப்பெட்டியை வாங்கவில்லை.

"சனிக்கிழமை நான் தீ மூட்டறதில்ல ஷியாமளா. உங்களுக்குத் தெரியுமே."

சேதுமாதவன் கண்ணை மூடிக்கொண்டார். அப்போது முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஜெயலட்சுமி மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"பார்த்தேளா! பெருமாளுக்கே விளக்குன்னாலும் விரதத்தை விடமாட்டேங்கறா! இதான்டி நிஜமான ஆசாரம். ஸ்ரீனி, நீ என்னமோ கதை சொன்னியே, வெக்கமா இல்லே? இப்படி ஒருத்தியைப் போய்!"

"நான் சும்மா விளையாட்டுக்கு..." என்றான் ஸ்ரீனிவாசன்.

"அடக்கமும் அப்படி, நியமமும் அப்படி" என்றார் பின்னாலிருந்து ஒருவர். "கோவிந்தா!" என்றார்கள் எல்லோரும், இந்தத் தடவை ஏசியை மிஞ்சிய சத்தத்தோடு. சேதுமாதவன் கண்ணைத் திறந்து லீலாவைப் பார்த்தார். தப்பித்தோம் என்று அந்தக் கண் சொல்லிற்று. விளக்கு ஏற்றாமலே விஷயம் முடிந்துவிட்டது. இனி எவன் என்ன சொன்னாலும் ஃபர்வானியாவில் எடுபடாது. லீலா பேசாமல் நின்றால் போதும். எப்போதும் நின்ற மாதிரி.

உங்களுக்கு இதில் பக்கம் கிடையாது என்று அபூ நபீல் சொன்னபோதும் அவள் இப்படித்தான் பேசாமல் இருந்தாள்.

"பெருமாளுக்கு இல்ல மாமி" என்றாள்.

"என்னது?"

"நான் இருக்கற விரதம் பெருமாளுக்கு இல்ல. நாங்க யூதக் குடும்பம். ஸ்ரீனிவாசன் சொன்னது நிஜம். அவரைத் திட்டாதீங்க."

"என்ன சொல்றா?" என்று காது மந்தமான ஒரு மாமா பக்கத்திலிருந்தவரைக் கேட்டார். பக்கத்திலிருந்தவர் தாம்பாளத்தைப் பார்த்தார். ஒரு குழந்தை "வாட் ஈஸ் யூதா, மம்மி?" என்றது. அதன் அம்மா அதன் வாயைப் பொத்தினாள்.

ஷியாமளாவே தீக்குச்சியைக் கிழித்தாள். முதல் குச்சி ஒடிந்தது. இரண்டாவதில் திரி பிடித்துக்கொண்டது. லீலா கை கூப்பிவிட்டு வெளியே வந்தாள்.

படிக்கட்டில் ஷியாமளா ஓடி வந்து பிடித்தாள். கண் சிவந்திருந்தது.

"ஏன் சொன்னேள்? அதான் எல்லாரும் நம்பிட்டாளே! நானும் நம்பியிருப்பேனே!"

"நம்பியிருப்பீங்க."

"அப்புறம் என்ன?"

"அதைத்தான் தாங்க முடியல."

"அவர் நாலு மணிக்கு ஆபீஸ் போயிடுவார். போனதும் அபூ நபீல்கிட்ட சொல்லித்தான் ஆகணும்கறார். வேற யார் மூலமாவது போனா எங்க தலை உருளும்கறார். நான் என்ன பண்ணட்டும் மாமி?"

"ஒண்ணும் பண்ண வேணாம். நான் முன்னால போறேன். விளக்கைப் பாருங்க, போங்க. தனியா எரியுது."

*

ஆபீஸ் ஃபர்வானியாவிலேயே மறு கோடியில் இருந்தது. சனிக்கிழமை வண்டி ஏறக்கூடாது. வெயில் இறங்காத தெருவில், புடவை வியர்வையில் உடம்போடு ஒட்ட, லீலா வேகமாக நடந்தாள். இரண்டு தடவை நின்றாள். இரண்டு தடவையும் திரும்பிவிடலாம் என்றுதான் நின்றாள்.

அபூ நபீல் மத்தியானம் வீட்டுக்குப் போகவில்லை. மேஜையில் சாப்பிடாத ரொட்டி இருந்தது.

"மிஸஸ் லீலா? இன்று உங்கள் விரதமாயிற்றே."

"சார், ஒரு விஷயம் சொல்லணும். மிஸ்டர் சேதுமாதவன் வந்து சொல்றதுக்கு முன்னால நானே சொல்லணும். அவருக்குத் தெரியாது. அவரையும் நான்தான் ஏமாத்தினேன்."

"கணக்கில் ஏதாவது தவறா?"

"இல்ல சார். நான் இந்து இல்ல. யூதப் பொண்ணு."

அவர் புரியாதவர் போலச் சிரித்தார். பிறகு சிரிப்பு போயிற்று. எழுந்தார். கதவு வரை நடந்து அதைச் சாத்தினார். சாத்தியதும் ஏன் சாத்தினோம் என்பது போல மறுபடி திறந்துவிட்டார்.

"இந்தியாவில் யஹூதிகளா?"

"ரொம்ப காலமா சார்."

"இங்கே உட்கார்ந்துகொண்டு, என் தங்கை பெயரை நீங்கள்தான் அடித்தீர்கள். இத்தனை நாளும்."

"ஆமா சார்."

"நான் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டு."

"ஆமா."

"அங்கே யாராவது இருக்கிறார்களா உங்களுக்கு?"

இல்லை என்று சொல்லலாம். அவள் அதற்குத்தான் வாயைத் திறந்தாள்.

"அக்கா இருக்கா. அவ மகன் பட்டாளத்துல இருக்கான்."

"லெபனானிலா?"

"தெரியாது."

"தெரியாதா!"

"சத்தியமா தெரியாது சார். உயிரோட இருக்கானான்னே தெரியாது. எங்க நின்னான்னும் தெரியாது. அதை நினைச்சா எனக்குத் தூக்கம் இல்ல."

அபூ நபீல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என் தங்கை எங்கே என்று எனக்கும் தெரியாது. ஆனால் இரண்டும் ஒன்றில்லை."

"இல்ல சார். ஒண்ணு இல்ல."

"ஒன்று என்று நீங்கள் சொல்லியிருந்தால் இப்போதே போலீசைக் கூப்பிட்டிருப்பேன்."

அவர் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"வியாழக்கிழமைக்குள் நீங்கள் பம்பாய் விமானத்தில் இருக்க வேண்டும். கணவருக்கு உடம்பு சரியில்லை என்று கஃபீலிடம் நான் சொல்கிறேன். சேதுமாதவனையும் வாயை மூடிக்கொள்ளச் சொல்கிறேன். நான் எதையும் கேட்கவில்லை."

"அவரு நல்லா இருக்காரு சார்."

"பொய் சொல்ல உங்களுக்கு நான் கற்றுத்தர வேண்டுமா?"

அது சரியான இடத்தில் போய்த் தைத்தது. லீலா தலையசைத்தாள். வாசலுக்குப் போனாள்.

"ஏன் சொன்னீர்கள்?" என்றார் அவர், திரும்பாமல். "இன்னும் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் இருந்திருக்கலாமே."

"பக்கம் இல்லாதவன்னு நினைச்சு என்கிட்ட பேசினீங்க. அந்தப் பேச்சை நான் திருட்டுத்தனமா கேட்டுட்டு இருந்தேன்."

அவர் ஏதோ அரபியில் முணுமுணுத்தார். திட்டா வேறெதாவதா, லீலாவுக்குத் தெரியவில்லை. வெளியே சேதுமாதவனின் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கார் கதவு திறந்தது, யாரும் இறங்கவில்லை.

"நிக்கோசியா இன்று முழுவதும் பேசவில்லை" என்றார் அபூ நபீல். "சனிக்கிழமை உங்கள் மெஷினில் உட்காரும் புதுப் பையனுக்கு லைன் பிடிக்கத் தெரியவில்லை. நீங்கள் அந்த மெஷினை இன்று தொட மாட்டீர்கள், இல்லையா? அதுதானே உங்கள் விரதம்?"

"இருட்டினப்புறம் தொடலாம்."

அவர் வானத்தைப் பார்த்தார். மணல் நிற வெளிச்சம் இன்னும் கண்ணைக் கூச வைத்தது.

"உட்காருங்கள். என்னோடு பேச வேண்டாம்."

லீலா டெலக்ஸ் நாற்காலியில் உட்காராமல் சுவரோரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் மேஜைக்குப் போனார். காகிதத்தைப் புரட்டினார். எழுந்து ஜன்னலுக்கு வந்தார். மறுபடி மேஜை. மறுபடி ஜன்னல்.

"இன்னும் இருட்டவில்லையா?"

"இன்னும் இல்ல சார்."